கையேட்டில் உடைந்த சொற்கள்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடவேண்டாம். இந்தக் குருவின் பெயர் ஷகிலா பானு. முப்பது சொச்சம் வயது. புதுச்சேரியில் ஒரு பதிப்பு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், ஏசி காற்று எட்டாத மூலையில் உட்கார்ந்திருப்பார். சீடர் தணிகாசலம் அவரைவிடப் பதினைந்து வருடம் மூத்தவர். சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை அண்ணே என்பார்.

தணிகாசலம் இங்கே சேர்வதற்கு முன் பக்கங்களைத் திரையில் கையாலேயே அடுக்கியவர். ஒரு வரி அடங்கவில்லை என்றால் தட்டிக்கொட்டி அடக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இங்கே வேலை வேறு மாதிரி. எக்ஸ்எம்எல் கோப்பில் இது தலைப்பு, இது பத்தி என்ற குறிப்புகள் மட்டும் இருக்கும். பக்கமாக்குவது மென்பொருளின் பாடு. ஒரே கோப்பிலிருந்து அச்சுக்குப் பெரிய பிடிஎஃப், ஃபோனுக்குச் சின்ன பிடிஎஃப், இரண்டும் வந்துவிடும்.

அன்று கையில் இருந்தது பாம்புக்கடி முதலுதவிக் கையேடு. மறுநாள் காலையில் கிராமச் செவிலியர்களுக்குப் பயிற்சி. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

பிடிஎஃப் எடுத்துப் பார்த்தால், நீளமான சொற்கள் வரி முடிவில் உடையாமல் ஓரத்தைத் தாண்டி ஓடியிருந்தன. சில வரிகளில் இரண்டே சொற்கள், நடுவில் சைக்கிள் ஓட்டலாம். தணிகாசலம் யாரையும் கேட்கவில்லை. கோப்பைத் திறந்தார். அடங்காத ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் தானே ஒரு ஹைபன் போட்டார். ஹைபன் இருந்தால் மென்பொருள் அந்த இடத்தில் மடக்கிவிடும். மதியத்துக்குள் புத்தகம் முழுக்க முடித்து, அச்சுப் பக்கங்களை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

“பாருங்க மேடம். ஒரு வரி வெளியே போகல.”

பானு பக்கம் பக்கமாகப் பார்த்தார். “அழகா இருக்கு அண்ணே.”

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, வேலை அத்தனை சுத்தம்.

“ஃபோனுக்கு?”

“அதே கோப்புதானே மேடம்.”

பானு தன் ஃபோனில் சின்ன பிடிஎஃப்பைத் திறந்து அவரிடம் நீட்டினார். “இப்ப நீங்கதான் நர்ஸ். கடிபட்டவர் எதிர்ல படுத்திருக்கார், மூச்சு விட முடியல. என்ன செய்யணும்னு தேடுங்க.”

தணிகாசலம் சிரித்துக்கொண்டே ‘மூச்சுத்திணறல்’ என்று தட்டினார்.

எதுவும் கிடைக்கவில்லை என்றது ஃபோன்.

மறுபடி தட்டினார். அதே பதில்தான் வந்தது.

விரலால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். சொல் இருந்தது, தடித்த எழுத்தில். சின்னப் பக்கத்தில் வரிகள் வேறு இடங்களில் மடங்கியதால், அவர் போட்ட ஹைபன் வரியின் நடுவில் வந்து நின்றது. ‘மூச்சுத்-திணறல்.’

“அவர் இன்னும் படுத்திருக்கார் அண்ணே.”

தணிகாசலம் ஃபோனை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

“அஞ்சு நிமிஷம் கொடுங்க மேடம். எல்லா ஹைபனையும் ஒரே தட்டுல எடுத்துடறேன்.”

பானு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

தணிகாசலம் உட்கார்ந்து, கோப்பு முழுக்க ஹைபனைத் தேடி நீக்கச் சொல்லிக் கட்டளை எழுதினார். பொத்தான்மேல் விரல் போன நேரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. ‘10-15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பைப் பார்க்கவும்.’ ஹைபன் போனால் அது ஆயிரத்துப் பதினைந்து நிமிடம்.

நல்லவேளை, விரலை எடுத்துவிட்டார்.

தான் போட்டது எது, எழுதியவர் போட்டது எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. காலையில் வந்த கோப்பின் நகல் ஒன்று இருந்தது, அவர் கை படாதது. அதை எடுத்துத் திறந்தார். அரைநாள் உழைப்பைத் தன் கையாலேயே தூக்கிப் போடுவதற்கு ஒரு மனசு வேண்டும், அது அவரிடம் இருந்தது.

மறுபடி பிடிஎஃப் எடுத்தார். சொற்கள் பழையபடி ஓரத்தைத் தாண்டி ஓடின. இப்போது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“தமிழே தெரியாத மென்பொருள வாங்கி வச்சுட்டு நம்ம உசுர வாங்கறாங்க.”

“அதுக்குத் தமிழ் தெரியும்.”

“அப்புறம் ஏன் மேடம் உடைக்க மாட்டேங்குது?”

“இது தமிழ்னு அதுக்குத் தெரியாது.”

“பாத்தாலே தெரியுதே!”

“உங்களுக்கு.”

பானு கோப்பின் முதல் வரிகளைக் காட்டினார். மொழி எது என்று சொல்லவேண்டிய இடத்தில் ஆங்கிலம் என்று இருந்தது. பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் கோப்பை நகலெடுத்துத்தான் இதைத் தொடங்கியிருந்தார்கள், அந்த இடத்தை யாரும் மாற்றவில்லை. பாவம் மென்பொருள், காலையிலிருந்து தமிழ்ச் சொல்லுக்குள் ஆங்கிலம் உடையும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் அதைத் தமிழ் என்று மாற்றி ஓட்டினார். அச்சுப் பக்கத்தில் சொற்கள் ஓர் இடத்தில் மடங்கின, ஃபோன் பக்கத்தில் வேறோர் இடத்தில் மடங்கின. கோப்பில் ஒவ்வொரு சொல்லும் முழுசாகவே இருந்தது. ஃபோனைக் கேட்டு வாங்கித் தேடினார். ‘மூச்சுத்திணறல்’ முதல் தட்டிலேயே வந்து நின்றது. அந்தப் பத்தியை ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே கையேடு போய்ச் சேர்ந்தது. டீ வந்தது. தணிகாசலத்துக்கு மட்டும் ஏதோ ஒன்று ஆறவில்லை.

“ஒரு சொல்லுதானே மேடம் மாத்தணும். நான் மதியம் வந்தப்பவே சொல்லியிருக்கலாமே?”

பானு டம்ளரைக் கீழே வைத்தார்.

“மதியம் நீங்க கேக்க வரல அண்ணே. காட்ட வந்தீங்க.”