பனங்குன்றத்து மகாராஜா பிடித்த கழுகு

பனங்குன்றம் சமஸ்தானத்து மகாராஜா சூரபூபதிக்கு வேட்டை சலித்தது, சீட்டு சலித்தது, கடைசியில் கோல்ஃப் பிடித்துக்கொண்டது. அரண்மனைக்குப் பின்னால் புல்லைச் செதுக்கி, ஒரு கோடியில் குழி தோண்டி, பக்கத்தில் கொடி நட்டார்கள். ஒரே குழிதான். அதற்கே மகாராஜாவுக்கு மூச்சு வாங்கியது.

எத்தனை அடியில் பந்து குழிக்குள் போனது என்று எண்ணிச் சொல்வது தோட்டக்கார மாயாண்டி. துரை ஒருவர் பங்களாவில் வேலை பார்த்தவர், ஆட்டத்தின் பாஷை அத்துப்படி. ஆட்டம் தெரிந்தவனுக்கு அந்தக் குழிக்கு நாலு அடி. அதற்குப் பெயர் பார். ஓர் அடி மிச்சம் பிடித்தால் பேர்டி, அதாவது குருவி. இரண்டு மிச்சம் என்றால் ஈகிள், கழுகு. மூன்று என்றால் ஆல்பட்ராஸ், கடலையே தாண்டும் ராட்சசப் பறவை. நாலுக்கு மேல் ஓர் அடி கூடினால் பறவை கிடையாது, போகி. அதற்கும் மேலே இரட்டைப் போகி, மூன்று மடங்கு போகி என்று ஏறிக்கொண்டே போகும்.

முதல் நாள் மகாராஜா ஒன்பது அடித்தார்.

"நம்ம பறவை எது?" என்று மீசையைத் தடவினார்.

"பறவை இல்லை மகாராஜா. ஐந்து மடங்கு போகி" என்றார் மாயாண்டி.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமினார்கள். மகாராஜாவின் முகம் சிவந்தது. திவான் கனகசபை முன்னால் வந்தார். மாயாண்டியின் வேலைக்காகத் திவானின் மைத்துனர் ஆறு மாதமாகக் காத்துக்கிடந்தார்.

"தப்பு உங்க அடியில இல்லை மகாராஜா, அந்த நாலுல இருக்கு. துரைமார் வச்ச அளவு நமக்கு எதுக்கு? இனிமே பார் பதினொண்ணுன்னு உத்தரவு போடுங்க. ஒன்பதுக்கு ரெண்டு மிச்சம். கழுகு! உங்களைச் சபையில அவமானப்படுத்தின இவன் ஊர்ல இருக்கவே கூடாது."

உத்தரவு பிறந்தது. மறுநாள் காலை கழுகுத் திருவிழா. மறுநாள் மாலைக்குள் மாயாண்டி குடும்பத்தோடு வெளியேற வேண்டும்.

மாயாண்டி நேராகத் திருமலைக்கொழுந்திடம் ஓடினார். கொழுந்து தினமும் மகாராஜாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுபவர். அவர் பேச்சுக்கு அரண்மனையில் தனி மவுசு.

"மக நிறைமாசமா இருக்கா ஐயா. எங்கே கூட்டிட்டுப் போவேன்?"

கொழுந்து கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். உண்மையைச் சொன்னவனுக்கா இந்தக் கதி!

"மூட்டையைக் கட்டாதேயும்வே. காலையில வந்து கொடிப் பக்கத்துல நில்லும்" என்றார்.

காலையில் மகாராஜா அதே ஒன்பதை அடித்தார். "கழுகு!" என்று திவான் கத்த, மேளம் முழங்கியது.

கொழுந்து கைகட்டி நின்றார். "கழுகு பிடிக்க எவ்வளவு கஷ்டம்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா மகாராஜா? வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்க. திணறட்டும்."

மகாராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அரண்மனைச் சமையல்காரர் பிச்சுமணியைக் கூப்பிட்டார். கரண்டியைத் தவிர வேறொன்றையும் வீசி அறியாத மனிதர். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார், ஓடினார், மறுபடி அடித்தார். எட்டாவது அடியில் பந்து குழிக்குள் விழுந்துவிட்டது.

கொழுந்து விரல்விட்டு எண்ணினார். "பதினொண்ணுல எட்டு போக மூணு மிச்சம். சமையல்காரருக்கு ஆல்பட்ராஸ்!"

மேளக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டார்.

"திவான்!" என்று உறுமினார் மகாராஜா.

"பாரை இருபதாக்கிடலாம் மகாராஜா."

"அப்போ உங்களுக்குப் பதினொண்ணு மிச்சம், பிச்சுமணிக்குப் பன்னிரண்டு" என்றார் கொழுந்து.

"ஐம்பது!"

"நாற்பத்தொண்ணு. பிச்சுமணிக்கு நாற்பத்திரண்டு. குளத்துல தண்ணி ஏறினா எல்லா ஓடமும்தானே ஏறும், திவான் ஐயா?"

"நான் வேணும்னா அடிச்சதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று பிச்சுமணி நடுங்கினார்.

திவானுக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டென்று ஒரு யோசனை உதித்தது. "மகாராஜாவுக்கு மட்டும் பதினொண்ணு! மத்த எல்லாருக்கும் பழைய நாலு!"

மகாராஜாவின் முகம் மலர்ந்தது. மாயாண்டியின் முகம் தொங்கிப்போனது. கொழுந்தோ இதற்காகத்தான் காத்திருந்தார்.

"ஆஹா, பிரமாதம்! உடனே ஒரு பலகை எழுதி நட்டுடணும். வெள்ளிக்கிழமை பக்கத்துச் சமஸ்தானத்து ராஜா ஆட வராரே, அவருக்குச் சட்டம் தெரியணுமில்லையா? பார்னா என்னன்னும் விளக்கமாப் போட்டுடறேன்."

"எழுதும் ஓய்" என்றார் மகாராஜா குஷியாக.

கொழுந்து எழுதினார். பிறகு, பத்திரிகை வாசிக்கும் அதே கணீர்க் குரலில் படித்தார்:

"இந்தக் குழிக்கு, ஆட்டம் தெரிந்தவர்களுக்கு நாலு அடி. பனங்குன்றம் மகாராஜாவுக்குப் பதினொன்று."

மகாராஜாவின் மீசை துடித்தது. மாயாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அடுத்த கணம் மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கொடிமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

"அந்தப் பலகையை நட்டா நான் எங்கே ஓய் போய் முகத்தை வச்சுக்குவேன்? பார் நாலுதான். மாயாண்டி இங்கேயேதான் இருப்பார். அவர் மக பிரசவத்தை அரண்மனை மருத்துவச்சி பார்ப்பாள். திவான் ஒரு வாரம் முள்ளுக்குள்ளே போற பந்தையெல்லாம் பொறுக்கட்டும். உமக்கு என்ன வேணும்?"

"நானும் ஒரு தடவை அடிச்சுப் பார்க்கணும் மகாராஜா."

அடித்தார். பந்து லாயத்துக்குப் போனது, வாய்க்காலுக்குப் போனது, திவானின் காலடிக்கும் போய் வந்தது. குழிக்கு மட்டும் போகவில்லை. கடைசியில் உள்ளே விழுந்தபோது இருபத்துமூன்று.

"பத்தொன்பது மடங்கு போகி!" என்று மாயாண்டி தயங்காமல் சொன்னார்.

"அடடா, ஒன்பதைப் போய்க் கேவலம்னு நினைச்சேனே!" என்று மகாராஜா பூரித்துப்போய்த் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொழுந்தின் விரலில் மாட்டினார்.

கொழுந்து பணிவாகக் குனிந்து வாங்கிக்கொண்டார். மூன்றாவது அடியிலேயே உள்ளே விழப் பார்த்த பந்தை வெளியே திருப்புவதற்குத் தான் பட்ட பாட்டை அவர் யாரிடமும் சொல்லவில்லை.