கம்ப்யூட்டருக்கு ஏழரைச் சனி

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை நடத்தினார் ‘ஜோதிட பூபதி’ நாகலிங்கம். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரின் கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் பளபளப்பதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“நம்மளதையும் இன்னைக்கே மாத்தும்மா,” என்றார், ஜாதகம் தட்டும் பரிமளாவிடம்.

“ஐயா, நம்ம ஜாதக சாப்ட்வேர் ரொம்பப் பழசு. புதுசுல ஓடாது.”

“ஓடணும். ஓடலைன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

பரிமளா கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, ஒரு ஜாதகத்தை அச்செடுத்து நீட்டினாள்.

“இந்த ஜாதகருக்கு ஒரு மாற்றம் செய்யலாமான்னு பாத்துச் சொல்லுங்கய்யா.”

பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். பூபதி குரலை உயர்த்தினார்.

“ஏழரைச் சனி பிடிச்சு ஆட்டுது. இப்போ எதை மாத்தினாலும் உள்ளதும் போயிடும். சனி விலகுற வரைக்கும் இருக்கிறபடியே இருக்கணும். நான் சொன்னா சொன்னதுதான். யாரும்மா இது?”

“நம்ம கம்ப்யூட்டர்தான் ஐயா. வாங்கின நாளும் நேரமும் போட்டேன்.”

பெஞ்சு மொத்தமும் பூபதியின் வாயையே பார்த்தது. ஜாதகம் பொய் என்று சொன்னால் அந்த பெஞ்சு அப்போதே காலியாகிவிடும்.

“பழசே இருக்கட்டும்மா,” என்றார் மெதுவாக.

பெஞ்சிலிருந்த பெரியவர் ஒருவர் கம்ப்யூட்டரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பாவம், அதுக்குப் பரிகாரம் ஏதும் உண்டா சாமி?”