கத்தரிக்காய்க் கவிதைக்கு ஓர் உரை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கொடிமுல்லை நாட்டை வீரதுங்கன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மழை பெய்தால் மேகத்துக்குப் பட்டம் கொடுப்பார். நின்றுவிட்டால் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார். அப்படி ஒரு குணம். ஒரு நாள் அவருக்குக் கவிதை வந்துவிட்டது. அவையைக் கூட்டிப் பாடினார்:

கத்தரிக்காய் கறுப்பு,
கல்லாசனம் வெறுப்பு,
அம்மியருகே அடுப்பு,
ஐயோ என் இடுப்பு!

அவை கைதட்டியது. தட்டாமல் இருக்க முடியுமா?

"இதன் பொருள் என்ன, அது எந்த அடியில் தெரிகிறது? ஒரே பத்தியில் எழுதுங்கள்!" என்றார் ராஜா.

ஆஸ்தானப் புலவர் வேதகிரியாருக்கு மந்திரி செங்கோதையைக் கண்டாலே ஆகாது. கைக்குழந்தைக்காரி தனக்கு மேலே உட்காருவதா?

"மன்னா, மந்திரியாரும் எழுதட்டுமே! உங்கள் மனம் நிறையாவிட்டால், பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"ஆகட்டும்!" என்றார் ராஜா, யோசிக்காமலே.

எல்லையைத் தாண்டினால் புலிக்காடு. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செங்கோதை எங்கே போவாள்?

வேதகிரியார் முந்திக்கொண்டு எழுதி வாசித்தார்: "இக்கவிதை கடலினும் ஆழமானது. சொல்லுக்குச் சொல் ஒன்பது உட்பொருள். கேட்டால் நிலவும் நாணும். உலகம் மாயை என்பதே இதன் சாரம்."

ராஜா மீசையைத் தடவினார். "மாயையையா பாடியிருக்கிறேன்? பலே!"

செங்கோதை எழுந்தாள். "புலவரே, நேற்று இந்த அரண்மனையில் இன்னொரு கவிதை பிறந்தது. பாடியவருக்கு இங்கே யாரையும் எட்டி உதைக்கும் உரிமை உண்டு. அதற்கும் உரை சொல்லுங்களேன்."

உதைக்கும் உரிமையா? ராஜாவேதான் என்று முடிவுகட்டினார் வேதகிரியார். "சொல்லுங்கள், சொல்லுங்கள்!"

"ங்கா ங்கா, அக்கூ. ப்ப்பூ, ங்கா."

வேதகிரியார் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! கடலினும் ஆழம். சொல்லுக்குச் சொல் ஒன்பது உட்பொருள். நிலவும் நாணும். உலகம் மாயை!"

"பாடியது என் மகள். இன்னும் பல் முளைக்கவில்லை."

அவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "என் கவிதையும் ங்காவும் ஒன்றா? மந்திரி, உன் பத்தி எங்கே?"

செங்கோதை வாசித்தாள்: "மன்னருக்கு இடுப்பு வலி, இதுவே கவிதையின் கருத்து. வலியை நான்காம் அடி சொல்கிறது. காரணத்தை இரண்டாம் அடி சொல்கிறது: கல் சிம்மாசனம். கத்தரிக்காயும் அடுப்பும் ஓசைக்காக வந்தவை. அவற்றுக்குப் பொருள் இல்லை."

அவை ராஜாவைத் திரும்பிப் பார்த்தது.

ராஜாவின் கண் கலங்கியது. "ஆறு மாதமாக வலிக்கிறது, அம்மா! ராஜாவுக்கு இடுப்பு வலி என்று எப்படி வெளியே சொல்வது? நீ ஒருத்திதான் என் கவிதையைச் சரியாகப் படித்திருக்கிறாய். உண்மையில் எனக்குக் கத்தரிக்காயே பிடிக்காது! யாரங்கே, இலவம்பஞ்சு மெத்தை கொண்டுவாருங்கள்! மந்திரி எங்கேயும் போக வேண்டாம். இன்று போய் நிம்மதியாகத் தூங்கட்டும்."

"பிள்ளை தூங்க விடமாட்டாளே, மன்னா."

"அதற்குத்தான் புலவர் இருக்கிறாரே! வேதகிரியாரே, தொட்டிலருகே உட்காரும். ஒவ்வோர் அழுகைக்கும் ஒரு பத்தி. சான்று இல்லாமல் ஒரு வரி எழுதக் கூடாது!"

வேதகிரியார் ஓலையும் எழுத்தாணியுமாகப் போய் உட்கார்ந்தார். குழந்தை வீல் என்றது. "கருத்து: பசி. சான்று: விரலைச் சூப்புகிறாள்" என்று எழுதினார். பால் கொடுத்துப் பார்த்தார்கள், வாயைத் திருப்பிக்கொண்டது. புலவரே தூக்கி மடியில் வைத்தார். அழுகை சட்டென்று நின்றது.

வேதகிரியார் மெல்லக் குனிந்து பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்: "கருத்து: ஈரம். சான்று: என் பட்டு வேட்டி."