கழுத்து நீண்ட மாப்பிள்ளை

வேங்கைநாட்டு அரசர் விசயகண்டருக்கு அடிக்கடி "இல்லையில்லை" என்று பேச்சைத் தொடங்கும் பழக்கம். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், "இல்லையில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டேன்" என்பார். சபையில் எல்லோரும் அந்த முதல் சொல்லைக் காதில் வாங்காமலே இருக்கப் பழகிவிட்டார்கள். இப்படி ஒரு பழக்கம் இருப்பது அரசருக்கு மட்டும் தெரியாது.

அரண்மனைச் சித்திரக்காரர் ஏகப்பனுக்கும் ஒரு பழக்கம். யாரை வரைந்தாலும் கழுத்து ஒரு முழம் நீண்டுவிடும். அரசருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஏகப்பன் வரைந்த படம் பெண் வீட்டுக்குப் போனது. "மாப்பிள்ளை எந்த மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்?" என்று பதில் ஓலை வந்தது.

அரசருக்கு முகம் சிவந்துவிட்டது. ஏகப்பன் கைகட்டி நின்றார்.

"வேண்டுமென்று செய்யவில்லை அரசே. கை தானாக இழுத்துவிடுகிறது."

"ஒரு பழக்கத்தை விட முடியாதவனுக்கு என் நாட்டில் இடம் கிடையாது" என்றார் அரசர். விகடகவி மதிச்சாத்தன் பக்கம் திரும்பினார். "இல்லையில்லை, இவனை இன்றைக்கே நாடு கடத்து."

மதிச்சாத்தனுக்குப் பாவமாக இருந்தது. ஏகப்பன் நல்ல மனிதர், பிள்ளைகுட்டிக்காரர். எதிர்த்துப் பேசினால் கோபம் இன்னும் ஏறும். அதனால் வாயைத் திறக்காமல் ஏகப்பனை அழைத்துப் போனான். நேரே தன் வீட்டில் உட்காரவைத்து, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டான்.

மறுநாள் காலையில் அரசர் சித்திரக்கூடத்தைக் கடந்து போனார். உள்ளே ஏகப்பன் சாவகாசமாக வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தார். அரசர் சபைக்கு வந்த வேகத்தில் மதிச்சாத்தனைக் கூப்பிட்டார்.

"அந்த ஏகப்பனை ஏன் நாடு கடத்தவில்லை?"

"வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அரசே? அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை, 'இல்லை, இல்லை' என்று."

"இல்லையில்லை, நான் அப்படிச் சொல்லவேயில்லை."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சபையைப் பார்த்தார். மந்திரிகள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது... ஏதோ வாய்ப்பழக்கம்" என்றார் மெதுவாக.

"ஏகப்பனுடையது கைப்பழக்கம், அரசே. பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு நாட்டில் இடம் கிடையாது என்றீர்கள். இப்போதே வண்டி கட்டச் சொல்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்தான்."

"என்ன சந்தேகம்?"

"இரண்டு பேருக்கும் ஒரே வண்டி போதுமா, தனித்தனியாகக் கட்டச் சொல்லட்டுமா?"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மதிச்சாத்தனுக்குப் போர்த்தினார். ஏகப்பன் வேலையில் நீடித்தார்.

பெண் வீட்டுக்கு இந்தத் தடவை அரசர் நேரிலேயே போனார். படத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்தவர்கள், மாப்பிள்ளையின் கழுத்து அளவாக இருப்பதைக் கண்ட சந்தோஷத்தில் வேறெதையும் விசாரிக்காமல் அன்றே நிச்சயம் செய்துவிட்டார்கள்.