கடலுக்குப் போன வாளி

தூத்துக்குடியில் கிளம்பிய அந்தச் சிறிய பாய்மரப் படகில் மூன்று பேர் இருந்தார்கள். கேப்டன் ஜெசிந்தா. சமையலையும் பாய்களையும் பார்த்துக்கொண்ட இன்னாசி. படகோட்டக் கற்க வந்த சிகாமணி. மூவரில் வயதில் மூத்தவர் சிகாமணிதான். மனைவி இறந்த பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல் நாமக்கல்லிலிருந்து கடலுக்கு வந்தவர்.

படகிலும் பேச ஆளில்லை. ஒருவர் காவல் இருந்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். முறை மாறும்போது இன்னாசி மேலே வருவான்.

"காத்து?"

"அப்படியேதான்."

அவ்வளவுதான். சிகாமணி இறங்கிப் போய், இன்னாசி எழுந்து வந்த அதே படுக்கையில் படுத்துக்கொள்வார். படுக்கையில் இன்னும் அவன் சூடு இருக்கும்.

கரை மறைந்து வெகுநாளாகியிருந்தது. ஒரு காலையில் சிகாமணி கேப்டனிடம் வந்து நின்றார்.

"அடுத்த தீவுல நான் இறங்கிக்கிறேன் கேப்டன். அங்கிருந்து விமானத்துல ஊருக்குப் போயிடறேன்."

ஜெசிந்தா சுக்கானைப் பிடித்தபடி கேட்டாள். "இன்னாசி பருப்பு தாங்கலையா அண்ணாச்சி?"

"பருப்பு கிடக்குதுங்க. நேத்து என் முறையில ஒரு திமிங்கலம் வந்துச்சு. இந்தப் படகு நீளம் இருக்கும். பக்கத்துலயே மூச்சு விட்டுச்சு. அதோ பாருன்னு சொல்லத் திரும்பினேன். யாரும் இல்லை."

"பொறவு?"

"இன்னாசி வந்தான். காத்துன்னு கேட்டான். அப்படியேதான்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

சிகாமணி இன்னும் அங்கேயே நின்றார்.

"நான் இந்தப் படகுல இருக்கறது யாருக்காவது தெரியுமா கேப்டன்?"

அவள் காலடியில் கிடந்த சிவப்பு வாளியை எடுத்தாள். கடலில் வீசினாள்.

"ஆள் விழுந்தாச்சு! அந்த வாளிதான் ஆள். அண்ணாச்சி, கையை நீட்டிக் காட்டுங்க. கையை இறக்கக் கூடாது. கண்ணை எடுக்கக் கூடாது. உங்களுக்கு வேற வேலை கிடையாது."

சிகாமணி நின்று வாளியை நோக்கிக் கை நீட்டினார். படகு திரும்பத் தொடங்கியது. பாய் காற்றிழந்து படபடவென்று அடித்தது. இன்னாசி இழுத்த கயிறு சிக்கிக்கொண்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினான். கயிறு சிகாமணியின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு நொடி குனிந்து சிக்கலை எடுத்துவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தபோது கடல்தான் இருந்தது.

அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பகல் வெளிச்சம், தெளிவான வானம், சிவப்பு வாளி. கிடைக்கவில்லை.

"உதவத்தானே குனிஞ்சேன்," என்றார் சிகாமணி.

"ஆமா," என்றாள் ஜெசிந்தா.

"இருந்ததே ஒரு வாளி," என்றான் இன்னாசி. "இனி அண்ணாச்சி தலையில இருக்க தொப்பியிலதான் தண்ணி மொள்ளணும்."

வாளி இல்லாததால், சாப்பிட்ட தட்டை ஆளாளுக்குக் குனிந்து கடலிலேயே அலச வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு மதியம் சிகாமணி தன் தட்டோடு படகின் ஓரத்துக்குப் போனார். கடலில் விழாமல் அவரைப் படகோடு பிணைத்திருந்த இடுப்பு வாரின் கயிறு அங்கே எட்டவில்லை. கொக்கியைக் கழற்றினார். படகு ஒருமுறை சாய்ந்தது.

தண்ணீர் சில்லென்று காதுக்குள் புகுந்தது. லைஃப் ஜாக்கெட் உப்பி அவரை மேலே தூக்கியது. படகு போய்க்கொண்டிருந்தது. கத்தினார். அவர் குரல் அவருக்கே சிறிதாகக் கேட்டது.

ஓர் அலை அவரைப் பள்ளத்துக்குள் இறக்கியது. சுற்றிலும் நீர்ச்சுவர். மேலே கொஞ்சம் வானம். திமிங்கலத்தைப் பார்த்த அன்றுகூட இவ்வளவு தனியாக இல்லை என்று நினைத்தார்.

அடுத்த அலை மேலே தூக்கியது. படகு தெரிந்தது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பியை ஒரு கையால் கட்டிக்கொண்டு இன்னாசி நின்றிருந்தான். இன்னொரு கை அவரை நோக்கி நீண்டிருந்தது.

பள்ளம். மீண்டும் மேடு. படகு இன்னும் சிறிதாகியிருந்தது. கை அப்படியே இருந்தது.

படகு திரும்பியது. பாய் கிழிவதுபோல் அடித்தது. ஜெசிந்தா ஒரு காலால் சுக்கானை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் கயிற்றோடு மல்லாடினாள். கயிறு அவளை ஒருமுறை கீழே தள்ளியது. இன்னாசி அவள் பக்கம் திரும்பவில்லை. படகு ஒரு பக்கம் திரும்பத் திரும்ப, அவன் உடம்பு மறுபக்கம் திரும்பியது. கை மட்டும் திசை மாறவில்லை.

சிகாமணி கத்துவதை நிறுத்தினார். ஒவ்வொரு மேட்டுக்கும் காத்திருந்தார்.

ஜெசிந்தாவும், மறு கையால் இன்னாசியும் அவரை மேலே இழுத்துப் போட்டார்கள். இன்னாசியின் நீட்டிய கை இறங்க மறுத்தது. ஜெசிந்தா தோளைப் பிடித்துவிட்டு மெதுவாக இறக்கினாள். அவன் கண்கள் உப்பில் சிவந்து நீர் வடித்தன.

"போனதுதான் போனீங்க," என்றான், "அந்த வாளியையும் எடுத்துட்டு வந்திருக்கலாம்லா?"

பிறகு ஆறிப்போன தன் சோற்றைத் தேடிக் கீழே போனான்.

சிகாமணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தாவின் உள்ளங்கைத் தோல் கயிற்றில் உரிந்திருந்தது. அதைப் பார்த்தார்.

"உங்களைக் கயிறு தள்ளி விட்டுச்சு. அவன் உதவிக்கு வரவே இல்லையே கேப்டன்."

"வந்திருந்தா உங்களையும் சுத்திச் சுத்தித்தான் தேடியிருப்போம்."

அவர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட அவன் காத்தைத் தவிர ஒண்ணும் கேட்டதில்லை," என்றார்.

"எங்கிட்டயும்தான்," என்றாள் ஜெசிந்தா.

சில நாளில் தீவு தெரிந்தது. முதலில் மேகம்போல, பிறகு மலையாக. தென்னையும் வீடுகளும் பிரிந்து தெரியத் தொடங்கியபோது, நங்கூரத்தை அவிழ்க்க இன்னாசி படகின் முன்பக்கம் கிளம்பினான்.

"தீவு வந்துட்டு," என்றாள் ஜெசிந்தா. "பையைக் கட்டியாச்சா அண்ணாச்சி?"

சிகாமணி இன்னாசியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் இன்னொரு முறை கேட்டாள். அவர் திரும்பவில்லை. முன்பக்கம் அலை அடித்துக்கொண்டிருந்தது. இன்னாசி ஈரப் பலகையில் குனிந்து நடந்துகொண்டிருந்தான். அவன் தன் இடுப்புக் கொக்கியை இன்னும் மாட்டவில்லை.