நிக்கத் தெரியாத மணி

காலை ஆட்டாமப் படு. ஒரு ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் டீச்சர் இருந்தாளாம். எந்த ஊரா? நம்ம ஊருதான். டீச்சரும் உங்கம்மாதான். 'ம்' கொட்டு, இல்லேன்னா நிறுத்திருவேன்.

"ம்."

எச்.எம். சொல்லிட்டாரு, "வெள்ளிக்கிழமைக்குள்ள பத்துப் பிள்ளைங்க சேரலேன்னா பதினொண்ணாங் கிளாஸ் கம்ப்யூட்டர் குரூப்பை மூடிருவோம்"னு. சேர்ந்திருந்தது ஒரே ஒருத்தி, இசக்கியம்மா.

முதல் நாள், பதினொண்ணாங் கிளாஸ் பசங்ககிட்ட கம்ப்யூட்டர் படிச்சா நல்ல வேலை கிடைக்கும்னு தொண்டைத் தண்ணி வத்தப் பேசினேன். கொட்டாவி விட்டானுங்க. ரெண்டாம் நாள், எல்லாரும் லேப்ல வந்து படம் வரைங்கன்னேன். குபுகுபுன்னு வந்தானுங்க. எதுக்கு? அங்கதான் ஃபேன் ஓடுது. நல்லாத் தூங்கிட்டுப் போனானுங்க. செவிடன் காதுல ஊதின சங்கு.

"ம்."

மூணாம் நாள் இசக்கியம்மா கேட்டா, "டீச்சர், வாட்ச்மேன் தாத்தா தினமும் சாப்பாட்டு மணியை மறந்துடறாரு. பசி தாங்கல. இந்தப் பெட்டி மணி அடிக்குமா?"

"நீ புரோகிராம் எழுதிக் குடுத்தா அடிக்கும்."

அவளே எழுதினா. பிரேயர் ஸ்பீக்கர்ல மாட்டிவிட்டேன். சரியா பன்னெண்டரைக்கு, டங். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் டங். டங் டங் டங் டங். நிக்கவே இல்ல.

"எப்ப நிறுத்தணும்னு எழுதினியாடி?"

"இல்லையே டீச்சர்."

பெட்டிக்கு என்ன தெரியும்? அடின்னா அடிக்கும். அது ஒண்ணாவது சொன்ன பேச்சைக் கேக்குது, நீ எங்க கேக்குற. எங்க ஸ்கூல்ல நீள மணின்னா வீட்டு மணி. அறுநூறு பிள்ளைங்களும் பையைத் தூக்கிட்டுத் தபதபன்னு வீட்டுக்கு ஓடிருச்சுங்க. நான் ஒயரைப் பிடுங்கறதுக்குள்ள ஸ்கூலே காலி. எச்.எம். முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. "நாளைக்கே லேப் சாவியைக் குடுத்துருங்க"ன்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. தூங்கிட்டியா?

"ம்ஹும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி பூட்டிட்டு வரலாம்னு போறேன், லேப் வாசல்ல செருப்பாக் கிடக்கு. பதினாலு ஜோடி. உள்ள உட்கார்ந்துக்கிட்டு, "டீச்சர், எங்களையும் சேர்த்துக்கோங்க. இசக்கி எழுதினதை நாங்களும் எழுதணும்"ங்கறானுங்க.

"எதுக்குடா?"

"கணக்கு பீரியட்ல அடிக்கறதுக்கு."

தலையில அடிச்சுக்கிட்டேன். எச்.எம். வந்தாரு. செருப்பைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். முதல் பாடம், நிறுத்தறது எப்படின்னு நடத்துங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

கதையும் நின்னுச்சு, என் தொண்டையும் கட்டிக்கிச்சு. கண்ணை மூடு.

"அம்மா, நானும் மணி எழுதவா?"

முதல்ல உன் வாய்க்கு ஒரு 'நிறுத்து' எழுது. தூங்குடி.