நலம் விசாரித்த கரடியார்

நாவலடிக் குளத்தின் கரைக்குக் கீழே ஒரு வளை இருந்தது. அதில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி, பிறந்து பத்தே நாளான தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. ஒரு நாள் காலையில் குட்டிகளின் வயிற்றுப் பக்கம் ஈரமாக இருந்தது. அதுகள்தான் நனைத்துவிட்டன என்று நினைத்து, சிலுப்பி ஆளுக்கு ஓர் அதட்டல் போட்டது. மறுநாள் பார்த்தால் வளையின் சுவரே ஈரமாக இருந்தது. மேலே ஏறிப் போனபோது காரணம் தெரிந்தது. கரையில் ஒரு நண்டு வளை வழியாகக் குளத்துத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

 மழைக்காலம் தொடங்க இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை. வளையை விட்டுப் போகலாம் என்றால், குட்டிகளின் முள் இன்னும் இறுகவில்லை. வெளியே கொண்டுபோனால் செந்நாய்களுக்குப் பலகாரம்தான்.

அது நேரே காட்டுப்பன்றிகளின் தலைவன் கட்டையனிடம் ஓடியது. கட்டையன் வந்து பார்த்து, மூக்கால் மண்ணை முட்டிச் சோதித்தது. இரண்டு நாள் வேலை, இருபது பன்றிகள் வேண்டும் என்றது. வேலை செய்கிற நாளில் மேயப் போக முடியாது. ஆகையால் கரைவேலைக்கென்று பொதுக் களஞ்சியத்தில் ஒதுக்கி வைத்த சோளத்தைத் தரவேண்டும், அதற்கு அரசர் உத்தரவு வேண்டும் என்றும் சொன்னது.

அரசர் ஒரு கரடி. அரசராகும்வரை வெறும் கரடி, ஆனபிறகு கரடியார். நாமும் மரியாதையாகவே சொல்லுவோம், எதற்கு வம்பு.

அவருக்கு முன்னால் ஒரு புலி ஆண்டது. தன்னைப் பற்றிக் குடிகள் என்ன நினைக்கிறார்கள் என்று வாரா வாரம் காக்கைகளை அனுப்பிக் கருத்துக் கேட்பது அதற்கு ஒரு வியாதி. காக்கைகளுக்குக் கூலி பொதுக் களஞ்சியத்துச் சோளம். அப்போது கரடி ஒரு மரக்கட்டைமேல் ஏறி நின்று முழங்கியது: "குடிகளோட சோளத்தை எடுத்து, குடிகள்கிட்டயே 'நான் அழகா இருக்கேனா'ன்னு கேக்கிறவன் அரசனா? நான் வந்தா கருத்துக் கேக்க ஒரு மணி சோளம் செலவழிக்க மாட்டேன்!"

கூட்டத்தில் கண்ணில் தண்ணீர் வராத பிராணி இல்லை. சிலுப்பி தன் முள்ளையெல்லாம் கலகலவென்று ஆட்டி ஆர்ப்பரித்தது. அரசரான அன்றைக்குத்தான் அவர் கரடி விட ஆரம்பித்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு முன்பே விட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பதவிக்கு வந்த ஒரு வாரத்திலேயே கரடியாருக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைப் பற்றி முயல் என்ன நினைக்கிறது, மான் என்ன நினைக்கிறது என்று தெரியாமல் தேன்கூடக் கசந்தது. கேட்டால் வாக்குத் தவறியதாகும். அமைச்சர் ஓணானாரிடம் மனசைத் திறந்தார். ஓணானார் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அப்படி ஆட்டியே அமைச்சரானவர். ஆட்டியபடியே ஒரு யோசனையும் சொன்னார். கருத்துக் கேட்டால்தானே தப்பு? நலம் விசாரித்தால் யார் குற்றம் சொல்ல முடியும்?

அவ்வளவுதான். இருநூறு மைனாக்கள் வேலைக்கு அமர்ந்தன. வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கூடை சோளம், அதுவும் பொதுக் களஞ்சியத்திலிருந்துதான். ஒவ்வொரு வளையாக, ஒவ்வொரு புதராகப் போய், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். "நல்லா இருக்கேன்" என்று பதில் வந்தால், "அரசர் ஆட்சியில் நலம்" என்று ஓலையில் ஒரு கீறல்.

வாசலில் நின்று ஒருவர் நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் நாம் வேறென்ன சொல்லுவோம்? கண்ணியில் பாதி வாலை விட்டுவிட்டு வந்த கீரி "நல்லா இருக்கேன், நீங்க?" என்றது. கிளை முறிந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த குரங்கு "நல்லாத்தான் இருக்கேன், உள்ள வாங்க" என்றது. முதல் வாரக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நலம். மீதி மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று எழுதி அவர்களையும் ஓணானார் நலத்தில் சேர்த்தார்.

இப்படி மூன்று மாதம் விசாரித்திருந்த நேரத்தில்தான் சிலுப்பி அரசவைக்குப் போனது.

கரை கசிவதையும், குட்டிகள் நனைந்து படுத்திருப்பதையும், பன்றிகள் தயாராக இருப்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னது. கரடியார் காதைக் குடைந்தபடி கேட்டுவிட்டு ஓணானாரைப் பார்த்தார். ஓணானார் ஓலைகளைப் புரட்டினார்.

"சிலுப்பி, கரைக்கீழ் வளை. போன வாரம் நலம். அதுக்கு முந்தின வாரம் நலம். பன்னிரண்டு வாரமா நலம்."

சிலுப்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டுத் தூங்குகிற அதை, மஞ்சமூக்கி என்ற மைனா நல்ல உச்சிவேளையில் வந்து எழுப்பும். அரைத்தூக்கத்தில் ஏதோ சொல்லி அனுப்பியது எல்லாம் அரசாங்கக் கணக்கிலா ஏறியது?

"அரசே, அது வாய் வார்த்தைக்குச் சொல்றது. எதிர்ப்பட்டவங்க கேட்டா வேற என்ன சொல்வோம்?"

"அப்ப என் மைனாகிட்ட பொய் சொன்னியா? இல்ல, இப்ப என்கிட்ட சொல்றது பொய்யா?"

 வந்தது வரட்டும் என்று சிலுப்பி கேட்டுவிட்டது. "கருத்துக் கேக்க ஒரு மணி சோளம் எடுக்க மாட்டேன்னு கட்டைமேல நின்னு சொன்னீங்களே. கரைக்கு வச்ச சோளம் எங்கே?"

 கரடியார் துளிகூடக் கோபப்படவில்லை. கோபப்பட அவருக்கு என்ன குறை?

"புலி கேட்டது கருத்து. நான் காட்டுறது அன்பு. அன்புக்குக் கணக்குப் பாக்கலாமா?"

அப்புறம் அவர் கருணையோடு ஓர் உத்தரவும் போட்டார். கரைப் பக்கத்துக் குடிகளை வாரம் இரண்டு முறை நலம் விசாரிக்க வேண்டும். அதற்கு இன்னும் ஐம்பது மைனாக்கள். கரைச் சோளத்தில் ஒட்டியிருந்த கடைசிக் கூடையும் அதில் போயிற்று.

சிலுப்பி அழுதுகொண்டே திரும்பியது. அழுது முடித்ததும் வீடு வீடாகப் போய், மைனா கேட்டால் நல்லா இல்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சியது. முயல் காதைப் பொத்திக்கொண்டது. நல்ல நாளும் அதுவுமாக வாயால் அப்படிச் சொல்லலாமா, பலித்துவிட்டால்? மான் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றது. கீரி பாதி வாலைப் பார்த்துக்கொண்டு, தனக்கென்ன குறை என்று கேட்டது.

சரி, நாமாவது சொல்லுவோம் என்று சிலுப்பி தூங்காமல் காத்திருந்தது. மஞ்சமூக்கி வந்து வழக்கம்போலக் கேட்டது.

"நல்லா இல்லை" என்றது சிலுப்பி.

மஞ்சமூக்கி திணறிப்போனது. இந்தப் பதிலுக்கு அதன் ஓலையில் இடமே இல்லை. "சளியா? வயித்துவலியா?" என்று பரிவோடு கேட்டது.

"கரை உடையப்போகுதுடி! எங்க குட்டிக சாகப்போகுது!"

பாவம், மைனாவும் பிள்ளைகுட்டிக்காரிதான். கொஞ்ச நேரம் அலகைச் சொறிந்தது. பிறகு "லேசான உடம்பு வலி, மற்றபடி நலம்" என்று கீறிக்கொண்டு பறந்துவிட்டது.

அந்த வாரக் கணக்கில், தூங்கியவர்களைச் சேர்க்காமலே, நூற்றுக்கு நூறு வந்தது. கரடியார் பூரித்துப்போய் விழா எடுத்தார். கரைக்குக் கீழே பள்ளத்தில் புல் மெத்தென்று இருக்கும் என்று அங்கேயே ஆசனம் போட்டார்கள். மைனாக்கள் பாட, ஓணானார் தலையாட்ட, கரடியார் தேனடையைக் கையில் எடுத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அரை நாழிகையில் குளம் தளும்பியது.

சிலுப்பி விழாவுக்குப் போகவில்லை. முதல் இடி இடித்ததுமே ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு நாவல் மரத்து மேட்டுக்கு ஓடியது. திரும்பி வந்தபோது வளைக்குள் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. இரண்டாவது குட்டி மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவ்வி வெளியே வந்து நாலு எட்டு வைத்திருக்காது, கரை வாயைப் பிளந்தது. கரையைப் பார்க்க ஓடிவந்த கட்டையன் குறுக்கே பாய்ந்து முட்டி மேலே தள்ளியிராவிட்டால் தாயும் போயிருக்கும், பிள்ளையும் போயிருக்கும். மேட்டில் ஏறிய பிறகு சிலுப்பி இரண்டு குட்டிகளையும் மாறி மாறி நக்கியது. 

மழை விட்டதும், மேட்டில் ஏறித் தப்பிய பிராணிகள் கீழே பார்த்தன. ஓணானார் எதிர்க்கரையில் ஒரு முள்வேலியில் ஒட்டிக்கொண்டு தலையாட்டினார். பள்ளத்தில் கரடியார் கழுத்தளவு சேற்றில் புதைந்திருந்தார். கை வெளியே வரவில்லை. குளத்தின் மிச்சத் தண்ணீரும் உடைப்பின் வழியே அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

கட்டையனும் ஆட்களும் காட்டுக்கொடியை அறுத்துக்கொண்டு இழுத்துப்போட இறங்கினார்கள். ஆயிரம் இருந்தாலும் அரசர் அல்லவா?

அதற்குள் மஞ்சமூக்கி வந்துவிட்டது. அது கரைப் பக்கத்து இரண்டாம் முறை விசாரிப்புக்கான நாள். கடமை கடமைதானே. சேற்றுக்கு மேலே தெரிந்த அந்தத் தலைக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, ஓலையை எடுத்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டது.

கரடியார் வாயைத் திறந்தார். மேட்டில் காடே கூடி நின்று பார்த்தது. இல்லை என்று சொன்னால் நூற்றுக்கு நூறு என்னாவது? தன் ஆட்சியில் தனக்கே நலமில்லை என்று தானே சொல்வதா? உதட்டில் ஏறிய சேற்றைத் துப்பிவிட்டு, இருக்கிற கம்பீரத்தையெல்லாம் கூட்டிச் சொன்னார்:

"நமக்கென்ன, ரொம்ப நல்லா இருக்கோம்."

மஞ்சமூக்கி கீறிக்கொண்டு பறந்தது. கொடியைப் பிடித்திருந்த பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. என்ன செய்வது என்று கட்டையனுக்கே விளங்கவில்லை. சிலுப்பிதான் மேட்டிலிருந்து சொன்னது.

"கட்டையண்ணே, அவர் நல்லாத்தான் இருக்காராம். அவர் வாயாலயே சொல்லிட்டார். வாங்க, முதல்ல நல்லா இல்லாத கரையைப் பாப்போம்."

பன்றிகள் திரும்பி மேலே ஏறின. முயலும் மானும்கூட வாயில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தன. உடைப்பை முதலில் அடைத்ததால் தண்ணீர் கரடியாரின் தாடையோடு நின்றது. ஒரு மணி சோளம் இல்லாமல் மூன்று நாளில் கரை எழும்பியது. நாலாம் நாள்தான் அவர்கள் பள்ளத்துக்கு இறங்கி, "அரசே, வெளியே வர விருப்பமா?" என்று கேட்டார்கள். கரடியார் வெளியே வந்தார். யாரையும் நலம் விசாரிக்காமல் மலையைத் தாண்டிப் போனார்.

ஊரார் சோற்றை எடுத்து ஊராரிடமே நல்ல பெயர் கேட்டு வாங்குகிறவன், தான் கழுத்தளவு சேற்றில் நிற்கும் நாளில்கூட உண்மையைச் சொல்ல வாய் இல்லாமல் போவான்.